8192 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

மாணவர்களே, பேனா டேப்லட் வாங்கக் கடைக்குப் போனால் பெட்டியின் மேல் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்தான். 2048, 4096, 8192. இப்போது 16384 என்றுகூட அச்சிடுகிறார்கள். பேனாவின் அழுத்தத்தை அந்தப் பலகை எத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்பதே அந்த எண்ணின் பொருள். பெரிய எண்ணைப் பார்த்ததும் இதுதான் சிறந்தது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. புகைப்படத்தைச் செப்பனிட நினைக்கும் மாணவருக்கு அந்த எண் ஏறக்குறைய எதையும் தீர்மானிப்பதில்லை என்பது என் கருத்து. அப்பா அம்மாவிடம் பணம் கேட்பதற்கு முன் என் காரணங்களைக் கேளுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

படத்தின் ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது, வண்ணத்தைச் சரிசெய்வது, ஓரிரு தூசிப் புள்ளிகளை நீக்குவது ஆகியவற்றுக்கு மவுஸே போதும். நீங்கள் செய்வது இவ்வளவுதான் என்றால் பேனா டேப்லட் வாங்காதீர்கள்.

பேனா தேவைப்படும் வேலைகள் வேறு. கூந்தலின் ஓரத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பது, முகத்தில் விழுந்த கடும் நிழலைச் சிறிது சிறிதாக இளக்குவது, பூஞ்சை பிடித்த பழைய குடும்பப் படத்தை மீட்பது போன்றவை அவை. நம் நாட்டு ஈரப்பதத்தில் ஆல்பத்திலேயே கறை படிந்துபோன பாட்டியின் திருமணப் படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தக் கறையை மெல்ல மெல்லத் தடவி நீக்க வேண்டும். மவுஸின் பொத்தானுக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: அழுத்தியது, அழுத்தாதது. லேசாக, இன்னும் லேசாக என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பேனாவுக்குத் தெரியும்.

பேனாவுக்குள் மின்கலம் இல்லை

பல டேப்லட் பேனாக்களுக்கு மின்கலமும் கிடையாது, மின்னேற்றமும் தேவையில்லை. அப்படியென்றால் அவை எப்படி இயங்குகின்றன?

பலகையின் மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய கம்பிகள் வலைபோல் ஓடுகின்றன. அவை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. பேனாவுக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் உள்ளன. இவை இரண்டும் சேர்ந்தால் அவற்றுக்கென்று ஓர் அதிர்வெண் அமைந்துவிடும். பலகையின் காந்தப்புலமும் அதே அதிர்வெண்ணில் மாறும்போது பேனாவின் சுற்று அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போகிறதல்லவா, அதுபோலத்தான். படிவம் 4 இயற்பியலில் ‘ரெசோனன்ஸ்’ என்று படிக்கிறீர்களே, தமிழில் ஒத்ததிர்வு, அதுவேதான் இது.

பின்னர் பலகை அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்குகிறது. பேனாவில் தேங்கிய ஆற்றல் சமிக்ஞையாகத் திரும்பி வருகிறது. எந்தக் கம்பிகளில் அது வலுவாக விழுகிறது என்பதை வைத்துப் பேனா இருக்கும் இடம் கணக்கிடப்படுகிறது. முனையை அழுத்தும்போது சுற்றின் அதிர்வெண் சற்று மாறும். அந்த மாற்றமே அழுத்தத்தின் அளவு. இந்த அனுப்புவதும் கேட்பதும் ஒரு விநாடிக்குள் பலமுறை நடந்துவிடுகின்றன. 1983-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகோம் நிறுவனம் இந்த முறைக்குப் பெயர்பெற்றது. இன்று ஹுயோன், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் மின்கலமற்ற பேனாக்களை விற்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால் மூன்று விஷயங்கள் விளங்கும். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் பலகையில் வேலை செய்யும் என்று நம்பி வாங்கக்கூடாது. பலகையை இரும்பு மேசை மேலோ ஒலிபெருக்கிக் காந்தத்தின் அருகிலோ வைத்தால் கோடு நடுங்கலாம். கைப்பேசிக் கடையில் விற்கும் ரப்பர் முனைப் பேனா இதற்கு மாற்று ஆகாது. அது விரலைப்போல் நடிக்கிறதே தவிர, அழுத்தத்தை அளப்பதில்லை.

உங்கள் கைக்கு எத்தனை படிகள்?

இப்போது 8192-க்கு வருவோம். அது 2-இன் 13-ஆம் அடுக்கு. மின்னணுச் சுற்று அத்தனை படிகளைப் பிரித்து உணரலாம். ஆனால் உங்கள் விரல்கள்?

ஒரு கையில் 100 கிராம் பொருளை வைத்துக்கொண்டு அதோடு 1 கிராமைச் சேர்த்தால் உங்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ 10 கிராம் சேர்ந்தால்தான் வேறுபாடு புலப்படும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒவ்வொரு படிக்கும் 10 விழுக்காடு. பேனாவை மிக மெல்ல, 5 கிராம் எடைக்குச் சமமாக அழுத்துவதில் தொடங்கி, 500 கிராம் வரை போவோம். 5-ஐ 1.1-ஆல் மீண்டும் மீண்டும் பெருக்கிப் பாருங்கள். சுமார் 48 முறை பெருக்கினால் 500-ஐ நெருங்கிவிடுவீர்கள். ஆக, உங்கள் கை வேண்டுமென்றே பிரித்துக் காட்டக்கூடிய படிகள் ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். என் 10 விழுக்காட்டை நீங்கள் 5 ஆக்கினாலும் விடை நூறைத் தாண்டாது.

மறுபக்கம் படத்தையும் பாருங்கள். சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகளே உள்ளன. கையில் ஐம்பது, படத்தில் இருநூற்று ஐம்பத்தாறு. நடுவில் 8192 இருந்து என்ன பயன்? 2048-ஏ தாராளம்.

பெட்டியில் உள்ள இன்னோர் எண்ணும் இப்படித்தான். அங்குலத்துக்கு 5080 கோடுகள் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 200. வரையும் பரப்பு 152 மில்லிமீட்டர் அகலம் என்றால் மொத்தம் 30,400 இடங்கள். உங்கள் திரையின் அகலமோ 1920 புள்ளிகள்தான். பாதியளவான 2540 கோடுகளே மிச்சம்.

பார்க்க வேண்டிய அளவு எது?

பெரும்பாலோர் கவனிக்காத வரையும் பரப்பைத்தான். மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் திரையில் அம்பு நகராது. பேனா அப்படியன்று. பலகையின் ஒவ்வோர் இடமும் திரையின் ஒவ்வோர் இடத்துக்கு நேர்.

14 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 310 மில்லிமீட்டர். 152 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய பலகையில் கை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையில் 2 மில்லிமீட்டர் நகரும். அது பழகக்கூடியதே. அதே பலகையை 24 அங்குலத் திரையோடு இணைத்தால் அது 3.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். கை சிறிது நடுங்கினாலும் கோடு பாய்ந்துவிடும். அப்போது 216 மில்லிமீட்டர் அகலமுள்ள நடுத்தரப் பலகை உதவும், விகிதம் 2.5-ஆகக் குறையும். ஓவியர்கள் முழங்கையிலிருந்து நீண்ட கோடு இழுப்பவர்கள். அவர்களுக்குப் பெரிய பலகை வேண்டும். நாம் படத்தை 200, 300 விழுக்காடு பெருக்கி வைத்துக்கொண்டு சிறு இடத்தில் வேலை செய்பவர்கள். மடிக்கணினி வைத்திருப்பவருக்குச் சிறிய பலகையே போதும் என்பேன்.

வாங்கும் முன் கடையில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். அளவுகோலை வைத்துச் சாய்ந்த கோடு ஒன்றை மிக மெதுவாக இழுங்கள். கோடு அலைபோல் நெளிந்தால் வேண்டாம். பேனாவை எவ்வளவு லேசாகத் தொட்டால் முதல் தடம் விழுகிறது என்று பாருங்கள். நிழலை இளக்கும் வேலைக்கு அதுதான் முக்கியம். நான்கு மூலைகளிலும் வரைந்து பாருங்கள். கடைசியாக, மாற்று முனைகள் தனியே கிடைக்குமா, உங்கள் கணினிக்கு ஏற்ற டிரைவர் மென்பொருள் உண்டா என்றும் கேளுங்கள். மென்பொருளுக்குப் பணம் வேண்டியதில்லை. கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். இரண்டும் பேனாவின் அழுத்தத்தைப் புரிந்துகொள்ளும்.

கையில் பேனா வந்த பிறகு

பள்ளி ஆண்டிதழுக்குப் படம் செப்பனிடும் பொறுப்பு உங்களுக்கு வரலாம். “என்னைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடு” என்று நண்பர் கேட்பார். கேட்காமலே அப்படிச் செய்துவிடுபவர்களும் உண்டு. இங்கே அறிவியல் தெரிந்தவர் நிதானிக்க வேண்டும்.

தானியங்கி அளவீட்டில் கேமரா, எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சீருடை, வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் எல்லாம் அதிக வெளிச்சம் என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். அதனால் மாநிற முகம் உண்மையைவிட இருண்டு பதிவாகும். அந்த இருட்டை உயர்த்துவது கேமராவின் பிழையைத் திருத்துவது. அதைத் தயங்காமல் செய்யுங்கள். ஆனால் பழுப்பு நிறத்தை ரோஜா நிறமாக்குவது ஒரு மனிதரையே திருத்துவது. அப்படித் திருத்த அங்கே எந்தப் பிழையும் இல்லை.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் விதி எளிது. அடுத்த வாரம் மறைந்துவிடும் பருவை நீக்கலாம். மச்சம், தழும்பு, மூக்கின் வடிவம், தோலின் நிறம் ஆகியவை அவர் கூடவே இருப்பவை; அவற்றில் பேனா படக்கூடாது. எப்போதும் மூலப் படத்தின் மேல் தனி லேயரில் வேலை செய்யுங்கள். அவ்வப்போது அந்த லேயரை மறைத்து, அடியில் இருக்கும் முகத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், பேனாவை இன்னும் லேசாகப் பிடியுங்கள்.