பள்ளம் மூட மட்டும் ஏன் பணமில்லை?

நம் ஊரில் பாலம் கட்டினால் கல்வெட்டு வைப்பார்கள். ரோடு போட்டால் போர்டு வைப்பார்கள். பள்ளத்தை மூடியதற்கு யாராவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. சாலைப் பராமரிப்புக்கு எப்போதும் பணம் பற்றாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. சாலைப் பணிகளின் பில்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் மாரடித்தவன் என்பதால், அதைக் கொஞ்சம் விளக்கலாம் என்று தோன்றியது.

அரசுக் கணக்கில் சாலைகளுக்கு இரண்டு முக்கியத் தலைப்புகள் உண்டு. ஒன்று 5054. புது ரோடு, அகலப்படுத்துதல், பாலம் எல்லாம் பெரும்பாலும் இதில் வரும். இது மூலதனச் செலவு, அதாவது சொத்து சேர்ப்பது. இன்னொன்று 3054. பள்ளம் மூடுவது, வெள்ளைக்கோடு போடுவது, ஓரத்து மண்ணைச் சரிசெய்வது, வாய்க்கால் தூர்வாருவது முதலான வேலைகள் இதில் வரும். இது வருவாய்ச் செலவு. வீட்டு பாஷையில் சொன்னால், முன்னது வீடு கட்டுவது. பின்னது ஓடு மாற்றுவது.

அரசாங்கத்துக்குப் பணமுடை வந்தால் முதலில் வரும் உத்தரவு, வருவாய்ச் செலவைக் குறை என்பதுதான். எதைக் குறைப்பது? சம்பளத்தில் கை வைக்க முடியாது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே ஆக வேண்டும். பென்ஷனைத் தொட முடியாது (என் பென்ஷனும் இதில்தான் இருக்கிறது, மறைப்பானேன்). யாரும் கொடி பிடிக்காத தலைப்பு ஒன்று உண்டென்றால் அது 3054. பேனா அங்கே போய் நிற்கும்.

மூலதனச் செலவுக்கோ கடன் வாங்கலாம். 2020-21 முதல் மத்திய அரசு மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடன் தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது மூலதனச் செலவுக்கு மட்டும். அந்தப் பணத்தில் புது ரோடு போடலாம். பழைய ரோட்டின் பள்ளத்தை மூட முடியாது. போட்ட ஒவ்வொரு புது ரோடும் சில வருஷத்தில் 3054-ன் தலையில் வந்து ஏறும். தலை மட்டும் பெரிதாவதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிராமச் சாலை ஒன்றில் ஒரு சிறுபாலம். ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. ஜே.இ. எஸ்டிமேட் போட்டு அனுப்பினார். ‘நிதி இல்லை’ என்று திரும்பியது. மறு வருஷமும் அனுப்பினார், திரும்பியது. மூன்றாம் வருஷமும் அதே கதை. அவர் வெறுத்துப்போய் நாலு சவுக்குக் கட்டையை நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைத்தார். ஒரு மழைக்கால இரவில் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்த பையன் ஒருவன் அங்கே ஓடைக்குள் விழுந்து இறந்துபோனான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. ஒரே வாரத்தில் சுவருக்குப் பணம் வந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த நிவாரணத் தொகை, சுவர் கட்ட ஆன செலவைவிட அதிகம். இரண்டு கோப்பும் என் மேஜை வழியாகத்தான் போயின.

இது ஓர் ஊர்க் கதையல்ல. 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை நீங்கள் அறிந்திருக்கலாம். அதில் 2018-ல் வெளிவந்த ஒரு கணக்கு: 2013 முதல் 2017 வரை பள்ளங்களால் மட்டும் இறந்தவர்கள் 14,926 பேர். எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்கும் போலிருக்கிறதே என்று நீதிபதிகளே வேதனைப்பட்டார்கள்.

‘விபத்துக்குக் காரணம் அதிவேகம்தானே, ரோடு என்ன செய்யும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆரில் டிரைவர் பெயர் வரும். அழிந்துபோன வெள்ளைக்கோட்டின் பெயர் வராது. மனிதன் தவறுவான். அவன் தவறும்போது ஒளிரும் பட்டையும் கைப்பிடிச் சுவரும் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் அவை இருக்கின்றன.

சரி, நாம் பணமே கொடுக்கவில்லையா? கொடுக்கிறோம். பெட்ரோலில் கூடுதல் வரி போட்டு அதைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்று ஜெயகர் கமிட்டி 1928-லேயே சொன்னது. 1929-ல் அதற்கென்று நிதியும் வந்தது. 2000-ல் மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. 2018-ல் அதன் பெயரில் ‘உள்கட்டமைப்பு’ என்ற சொல்லைச் சேர்த்து, ரயில், நீர்வழி போன்றவற்றுக்கும் செலவிட வழி செய்தார்கள். மாநிலத்துக்கு நாம் கட்டும் வாகன வரியோ பொதுவான தொகுநிதியில் போய்க் கலந்துவிடுகிறது. அதில் இத்தனை பைசா பராமரிப்புக்கு என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பராமரிப்பைத் தள்ளிப்போடுவது சிக்கனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தார் ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். சிறு வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கும், அடியில் உள்ள ஜல்லி இளகும், மேலே லாரி ஏறும், பள்ளம் விழும். வெடிப்பை அடைக்க ஆயிரங்கள் போதும். அடித்தளம் போய்விட்டால் லட்சங்கள் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி உலக வங்கி 1994-ல் எழுதியது இதுதான்: சரியான நேரத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் புனரமைப்புச் செலவு மிஞ்சியிருக்கும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சாலைக்கும் ஆள் இருந்தான். மண்வெட்டியோடு வருவான், செடி வெட்டுவான், தண்ணீர் வடிய வழி விடுவான், சிறு பள்ளத்தை அன்றே நிரப்புவான். 1997-ல் சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை எடுத்தார்கள். 2002-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதம் போராடித் திரும்ப வந்தார்கள். கட்சி அரசியலை விட்டுவிடுவோம். அத்தனை மாதமும் அந்த வாய்க்கால்களை யார் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பணம் கொடுத்தால் மட்டும் போதுமா, அதையும் சாப்பிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான பயம். அதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. பொள்ளாச்சிக் கோட்டத்தில் ஒரு முறையைத் தொடங்கினார்கள். எத்தனை பள்ளம் மூடினாய் என்று பார்த்துப் பில் கொடுப்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு ரோடு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுப்பது. பள்ளம் விழுந்தால் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவருக்கு லாபம்.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். வாகன வரியில் ஒரு பங்கு பராமரிப்புக்கு மட்டுமே என்று சட்டத்தில் எழுத வேண்டும்; எந்த நெருக்கடியிலும் அதில் கை வைக்கக் கூடாது. புது ரோட்டுக்கு அனுமதி தரும்போதே, அடுத்த பத்து வருஷம் அதைப் பராமரிக்கும் பணத்தையும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் புது ரோடு காத்திருக்கட்டும்.

நம்மால் முடிந்த வேலை ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எங்கள் ஊர்ச் சாலையின் பராமரிப்புக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் கேட்ட தொகை எவ்வளவு, ஒதுக்கிய தொகை எவ்வளவு?’ பதில் வந்ததும் இரண்டு எண்களையும் பஞ்சாயத்து போர்டு சுவரில் எழுதி வையுங்கள். கல்வெட்டு வேண்டாம், கரிக்கட்டையே போதும்.