இறந்ததாக அறிவிக்கப்படும் மதர்போர்டுகள்

பயாஸ் புதுப்பித்தல் நடுவழியில் நின்றுபோன லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். சேவை மையத்தில் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: மதர்போர்டை மாற்ற வேண்டும். அதற்கான தொகையைக் கேட்ட ஆய்வு மாணவர் அடுத்த உதவித்தொகை வரும்வரை காத்திருப்பார், அல்லது கணினியையே கைவிடுவார். துறைக்குச் சொந்தமான கிராஃபிக்ஸ் கார்டு இவ்வாறு முடங்கினால், அது பயனற்ற பொருள்களின் பட்டியலில் ஏறி ஏலத்துக்குப் போகும். இவ்வாறு ஒதுக்கப்படும் பலகைகள் பலவற்றில் எதுவும் எரிந்திருக்காது, எதுவும் உடைந்திருக்காது. ஒரு சில்லில் பதிந்திருந்த தரவு மட்டுமே சிதைந்திருக்கும்.

ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள் குடியிருப்பது எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறு ஃபிளாஷ் சில்லில். லேப்டாப்களில் அதன் கொள்ளளவு பொதுவாக 8 அல்லது 16 மெகாபைட். கிராஃபிக்ஸ் கார்டுகளில் அதைவிட மிகக் குறைவு. மின்சாரம் பாய்ந்ததும் கணினி தன் முதல் கட்டளைகளை அங்கிருந்தே படிக்கிறது. அவை சிதைந்தால் நலமான செயலியும் நினைவகமும் செய்வதறியாது நிற்கும்.

இதைச் சீர்செய்யும் முறை இரகசியமன்று. டெல்லியின் நேரு பிளேஸிலும் மும்பையின் லாமிங்டன் சாலையிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் அன்றாடம் நடக்கும் வேலைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிஎச்341ஏ என்ற புரோகிராமரைக் கிளிப் மூலம் சில்லின் கால்களோடு இணைத்து, ஃப்ளாஷ்ராம் போன்ற கட்டற்ற மென்பொருளால் உள்ளடக்கத்தைப் படிக்கிறார்கள். இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே எழுதத் தொடங்குகிறார்கள். சில்லு 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்பதை முதலிலேயே உறுதிசெய்கிறார்கள். மலிவான புரோகிராமர்கள் சில தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்பிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டில் இரட்டை பயாஸ் சுவிட்ச் இருந்தால் வேலை இன்னும் எளிது: நல்ல பயாஸில் கணினியை இயக்கி, சுவிட்சை மாற்றி, சிதைந்ததன்மேல் மீண்டும் எழுதிவிடலாம்.

ஆயினும் உண்மையான சிக்கல் கருவியில் இல்லை; எழுத வேண்டிய கோப்பில் இருக்கிறது. நிறுவனங்கள் இணையத்தில் தரும் புதுப்பிப்புக் கோப்பு பெரும்பாலும் சில்லின் முழுப் படிமம் அன்று. அந்தச் சில்லில் கணினியின் வரிசை எண், பல மாதிரிகளில் விண்டோஸ் உரிமக் குறியீடு, பிணைய முகவரி, இன்டெல் மேலாண்மை எஞ்சினுக்கான தரவு ஆகியவையும் பதிந்திருக்கும். வேறொரு கணினியின் படிமத்தை அப்படியே எழுதினால் இயந்திரம் விழித்துக்கொள்ளும், ஆனால் இன்னொன்றின் அடையாளத்தோடு. மேலாண்மை எஞ்சின் பகுதி பொருந்தாவிட்டால் அரைமணி நேரத்தில் தானே அணைந்துவிடும் கணினிகளும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுகளிலோ, ஒரே மாதிரிப் பெயரில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் எனப் பல நிறுவனங்களின் நினைவகச் சில்லுகள் இருக்கக்கூடும். ஒன்றுக்கு உரிய பயாஸ் மற்றொன்றில் திரையைச் சிதறடிக்கும்.

ஆகவே மிகச் சிறந்த மருந்து, அதே பலகை நலமாக இருந்தபோது எடுத்துவைத்த அதன் சொந்தப் பிரதி. இதற்குச் சட்டத் தடையும் இல்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. இருந்தும் எத்தனை துறைகள் அந்தப் பிரதியை எடுத்து வைத்திருக்கின்றன? கருவி வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் எண் ஏறுகிறது; அதன்மேல் வில்லை ஒட்டப்படுகிறது. கிராஃபிக்ஸ் கார்டின் பயாஸைக் கார்டைக் கழற்றாமலே மென்பொருளால் சேமிக்கச் சில நிமிடங்கள் போதும். அதை எவரும் செய்வதில்லை. ஏனெனில் அது எவருடைய வேலை என்றும் வரையறுக்கப்படவில்லை.

முழுப் படிமங்களை வெளியிட்டால் பாதுகாப்புக் கெடும், திருட்டுக் கணினிகளுக்கு வழி திறக்கும் என்று உற்பத்தியாளர் தரப்பில் கூறப்படலாம். அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1998இல் தோன்றிய சிஐஎச் வைரஸ், பயாஸை அழித்தே கணினிகளை முடக்கியது. ஆனால் அந்த நிகழ்வு உணர்த்துவது வேறு: தாக்குபவருக்கு எழுதும் வழி கிடைத்துவிட்டால், மீட்கும் வழி உரிமையாளரிடம் இல்லாததே பெருங்கேடு. நிறுவனத்தின் கையொப்பமிட்ட மூலப் படிமத்தை மீண்டும் எழுதுவது கையொப்பச் சோதனையை உடைப்பதும் ஆகாது. திருட்டைத் தடுக்க, கொள்முதல் ரசீதைக் கேட்டுப் படிமத்தை வழங்கும் நடைமுறையை நிறுவனங்கள் ஏற்கலாம். எல்லோருக்கும் கதவடைப்பது அதற்குத் தீர்வாகாது.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அதே ஆண்டின் டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்குகளை விதிக்கின்றன. ஆனால் மறுசுழற்சி என்பது பழுதுநீக்கம் தோற்ற பிறகு வர வேண்டியது. நலமான பலகையை நொறுக்கிச் செம்பும் பொன்னும் பிரிப்பதைச் சுற்றுச்சூழல் சாதனையாகக் கருத முடியாது.

சட்டம் வரும்வரை கல்வி நிறுவனங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மொத்தமாகக் கணினி வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனை விதிக்கும் வலிமை இருக்கிறது. கொள்முதல் குழுக்கள் மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும்: ஒவ்வொரு மாதிரிக்கும் முழு மீட்புப் படிமத்தை விற்பவர் வழங்க வேண்டும், பிரதி எடுப்பதற்காகக் கணினியைத் திறந்தால் உத்தரவாதம் நீங்காது என எழுதித் தர வேண்டும், ஃபர்ம்வேரைச் சோதிக்காமல் எந்தப் பலகையும் கழிவுப் பட்டியலில் ஏறக் கூடாது. மின்னணுவியல் படிக்கும் மாணவர் ஒருமுறையாவது ஒரு சில்லைப் படித்து எழுதிச் சரிபார்க்கும் ஆய்வக வகுப்பு வேண்டும். அதைக் கற்பிக்க நேரு பிளேஸின் பழுதுநீக்குநர் ஒருவரை மதிப்பூதியத்தோடு அழைப்பதில் எந்தத் துறைக்கும் தயக்கம் இருக்கக் கூடாது.