நாய்க்குட்டியின் விலை வேறு, நாய் வளர்ப்பின் செலவு வேறு

நாய்க்குட்டி ஒன்றை வாங்க அரைமணி நேரம் போதும். அதனை வளர்த்து முடிக்கப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வீட்டுக் கடன் கேட்டு வருவோரிடம் வீட்டின் விலையைக் காட்டிலும், மாதத் தவணையை எத்தனை ஆண்டுகள் தடையின்றிச் செலுத்த இயலும் என்பதையே வங்கியில் நாம் கூர்ந்து கேட்கிறோம். நாய் வளர்க்க விரும்பும் குடும்பமும் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. குட்டிக்குக் கொடுக்கும் விலை முன்பணம் மட்டுமே. தவணை அதன் பிறகுதான் தொடங்குகிறது. அத்தவணை பணமாகவும் நேரமாகவும் கட்டப்பட வேண்டியது. இடையில் நிறுத்தினால் அதன் விளைவை வாயில்லா உயிர் ஒன்றும், அது விடப்படும் தெருவும் சுமக்கின்றன.

எத்தகைய நாய் என்பதை ஊரின் இயல்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நாம் பணியாற்றும் மட்டாஞ்சேரியையே எடுத்துக்கொள்வோம். பஜார் சாலைப் பண்டசாலைகளின் பின்புறத்திலும், யூதத் தெருவை ஒட்டிய சந்துகளிலும் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் ஓதம் உயரும் நாள்களில் காயல் நீர் தாழ்வான தெருக்களுக்குள் ஏறிவிடும். குளிர்நாடுகளுக்கென உருவான, அடர்ந்த மயிர் கொண்ட சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற இனங்களுக்கு இவ்வூர் ஏற்றதன்று. மனிதருக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. தட்டை மூக்குடைய பக் இன நாய்களுக்கு அதுவும் எளிதன்று. அழகுக்காக இவற்றை வாங்குவோர், அந்த அழகுக்கான விலையை நாயே செலுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் நாட்டு இனங்களை வளர்க்கலாமே எனலாம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் பெருமைக்குரிய இனங்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய் அஞ்சல்தலைகளில் இராஜபாளையமும் இடம்பெற்றது. நம் வெயிலைத் தாங்கும் உடற்கட்டு இவற்றுக்கு உண்டு. ஆயினும் இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. ஓடித் திரியும் இயல்புடையவை. தோட்டமும் திறந்த வெளியும் உடையவர்களுக்கு இவை பொருந்தும். சிறிய முற்றம் கொண்ட வீட்டில் சிப்பிப்பாறையைக் கட்டிவைப்பது அதற்குச் செய்யும் தீங்கே ஆகும்.

இடம் குறைந்த நகர வீடுகளுக்கு, அதே தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே சாலப் பொருத்தம் என்பது நம் துணிபு. தட்பவெப்பத்துக்குப் பழகியது, நடுத்தர உடலமைப்பு உடையது, விலை கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் சமைக்கும் சோறு, மீன், முட்டை ஆகியவற்றைக் கொண்டே கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி அதற்கு நல்ல உணவு அமைக்கலாம். உயர்சாதிக் குட்டியே வேண்டும் என்போர், 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை அறிந்திருத்தல் நலம். இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்குபவரிடம் குட்டி வாங்காதிருப்பதே அறிவுடைமை.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். உணவு, தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் ரூ. 3,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு ரூ. 36,000, பன்னிரண்டு ஆண்டுகளில் ரூ. 4,32,000. இது கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டே. நாயின் அளவையும் வீட்டின் பழக்கத்தையும் பொறுத்து இத்தொகை குறையலாம். பெரிய இனமாயின் பன்மடங்கு கூடவும் செய்யலாம். அவரவர் எண்ணை அவரவரே எழுதிப் பெருக்கிப் பார்க்க வேண்டும். மாதச் செலவுக்கு அப்பால் விபத்து, அறுவைச் சிகிச்சை, முதுமை நோய் ஆகியவையும் வரும். இவற்றுக்கென மாதம் ரூ. 500 தொடர் வைப்பில் இட்டுவந்தால், வட்டி நீங்கலாகவே ஐந்தாண்டுகளில் ரூ. 30,000 கையில் இருக்கும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்களுக்கும் காப்பீடு வழங்குகின்றன. சேரும் முன் வயது வரம்பையும் விலக்குகளையும் படித்துப் பார்க்க வேண்டும். நாய் பிறரைக் கடித்தால் எழும் இழப்பீட்டுப் பொறுப்பு அதில் அடங்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இச்செலவுகளில் எதைக் குறைத்தாலும் தடுப்பூசியைக் குறைக்கலாகாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கு எதிரான முதல் ஊசி தொடங்கும். மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அது தொடரும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. பின்னர் மருத்துவர் கூறும் முறைப்படி ஆண்டுதோறும். முதல் சுற்று முடியும் வரை குட்டியைத் தெருவில் விடாதிருத்தல் வேண்டும். அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி குறைந்த கட்டணத்திலேயே கிடைக்கிறது. எனவே பணமில்லை என்பது இதற்குத் தக்க காரணமாகாது.

வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களாலேயே வருகிறது என்றும், ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி செலுத்தினால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட காலம் முதல் இந்நோய்க்கான மருந்து தென்னாட்டுக்கு எட்டும் தொலைவிலேயே இருந்துவருகிறது. இருந்தும், 2025-ஆம் ஆண்டில் கேரளத்தில் நாய்க்கடிக்குப் பின் தடுப்பூசி செலுத்திக்கொண்ட குழந்தைகள் சிலரும் இந்நோயால் இறந்தனர். தலை, முகம் போன்ற இடங்களில் கடிபட்டால், மருந்து வேலை செய்யும் முன்னரே நோய்க்கிருமி மூளையை அடைந்துவிடக் கூடும். ஆகவே கடித்த பின் போடும் ஊசியை மட்டும் நம்பியிருக்க இயலாது. கடிப்பதற்கு முன் நாய்க்குப் போடும் ஊசியே முதல் அரண்.

கடிபட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல் முதற்கடமை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் தடவலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோல் கிழிந்த காயமாயின் தடுப்பூசியோடு எதிர்ப்புரதமும் தேவைப்படும். குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது நம் வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடுவது ஆபத்தானது.

மழைக்காலத்தில் மற்றொரு கவலையும் உண்டு. எலிகளின் சிறுநீர் கலந்த வெள்ளநீரால் பரவும் எலிக்காய்ச்சல் மனிதருக்கு வருவது போலவே நாய்க்கும் வரும்; நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடும். தானியமும் மளிகையும் அடுக்கிய கிடங்குகள் நிறைந்த ஊரில் எலிகளுக்குப் பஞ்சமில்லை. நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி உண்டு. மருத்துவரிடம் கேட்டு ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். தேங்கிய நீரில் நடக்க விடாமை, திரும்பியதும் பாதங்களைக் கழுவி விரலிடுக்குகளைத் துடைத்தல், காதுகளையும் கழுத்துப்பட்டையின் அடியையும் உண்ணிக்காகப் பார்த்தல் ஆகியவை நாள்தோறும் செய்ய வேண்டியவை. உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே பறிக்கவல்லது. கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்க்கலாம். நமக்குச் சுட்டால் அதன் பாதமும் சுடும்.

உணவில் சில விலக்குகள் உண்டு. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். மீன் கொடுப்பதாயின் முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் ஒருபோதும் கொடுக்கலாகாது.

பணத்தவணையை விடக் கடினமானது நேரத்தவணை. காலையும் மாலையும் அரைமணி நேரமேனும் நாயை நடத்திச் செல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், நாயை நியாயமற்ற குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்காமல் புறக்கணிப்பதையும், பட்டினியிலும் தாகத்திலும் வாடுமாறு கைவிடுவதையும் குற்றமென்கிறது. ஆனால் முதற்குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் ரூ. 10 முதல் ரூ. 50 வரை மட்டுமே. இக்காலத்தில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாத இத்தொகை எவரை அச்சுறுத்தும்? இதனை உயர்த்த வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. சட்டம் திருந்தும் வரை நம் மனச்சான்றே காவல்.

அண்டை அயலாருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். 2021 ஜூன் இறுதியில் திருவனந்தபுரம் அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்னும் லாப்ரடார் வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கொச்சியில் உள்ள கேரள உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரித்து, வழக்குக்குப் புரூனோவின் பெயரையே சூட்டியது. வளர்ப்பு நாய்களுக்கு உள்ளாட்சி அமைப்பில் உரிமம் பெறுதலை வலியுறுத்தியதும் அவ்வழக்கே. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளை முற்றாகத் தடைசெய்ய இயலாது என்றும் அதே ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையும் பொறுப்பும் இவ்வாறு சேர்ந்தே வருகின்றன. தடுப்பூசிச் சான்றோடு மாநகராட்சி உரிமம் பெறுதல், தெருவில் வாரின்றி விடாமை, கழிவைத் தாளில் எடுத்து அகற்றுதல், இரவுக் குரைப்பைப் பழக்கத்தால் குறைத்தல் ஆகியவற்றைச் செய்பவரிடம் எந்த அயலாரும் எளிதில் பகை கொள்ளார். கவனக்குறைவால் நம் நாய் பிறருக்கு ஊறு செய்தால், பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ரூ. 5,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவ்வளவு கூறினால் நாய் வளர்ப்பு செல்வருக்கு மட்டும் உரியதென்று ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. தெருக்குட்டியை எடுத்து, அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு, கருத்தடை செய்வித்து, வீட்டுச் சோற்றைப் பகிர்ந்து நல்ல முறையில் வளர்க்கும் எளிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் நேரத்தவணையைத் தவறாது செலுத்துகிறார்கள். பெரும்பணம் கொடுத்து வாங்கி, இடமாற்றம் வந்ததும் சாலையோரத்தில் இறக்கிவிட்டுச் செல்வோரே தவறியவர்கள். தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் தவிர்த்து அம்முறையையே 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஒருபுறம் அரசு தெரு நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் பொதுப்பணத்தைச் செலவிட, மறுபுறம் நாமே வீட்டு நாய்களைத் தெருவுக்கு அனுப்பினால் அக்கணக்கு என்றும் நேராகாது.

நாய் வைத்திருப்போர் இன்றே தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த ஊசியின் தேதியைப் பார்க்க வேண்டும். வாங்க எண்ணியிருப்போர்க்கு ஒரு சோதனை கூறுவோம். நீங்கள் கணக்கிட்ட மாதச் செலவை மூன்று மாதம் தனிக் கணக்கில் செலுத்துங்கள். அந்த மூன்று மாதமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, மழையாயினும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள். இரண்டும் தவறாமல் நடந்தால் குட்டியை அழைத்து வரலாம். முதல் ஊசிகளுக்கும் கருத்தடைக்கும் உதவும் தொகையும் அக்கணக்கில் இருக்கும். நடக்கவில்லையெனில், சேர்ந்த பணம் உங்களுடையது; ஓர் உயிரும் கைவிடப்படாமல் தப்பியிருக்கும்.