எழும்பாத மாடியும் கொடுத்த வாக்கும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து வெளியே வருகையில், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். அவர் கையில் வழவழப்பான வண்ணக் கையேடு ஒன்று இருந்தது. சென்னைக் கடற்கரையோரம் எழும்பவிருக்கும் இருபது மாடிக் குடியிருப்பின் படம் அதன் அட்டையில் பளபளத்தது.

"பையன் இதிலே ஒரு வீடு வாங்க வேண்டும் என்கிறான், ஐயா. திருவாலங்காட்டிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வருவது அவனுக்குச் சலித்துவிட்டது. கரும்பு வைக்கிற ஒன்றரை ஏக்கரை விற்றால் முன்பணம் கட்டிவிடலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அருகில் நின்ற அவருடைய துணைவியார் படத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். "கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, கட்டுமரத்தைக் காணோமே! சாந்தோம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கரையிலே வலை காய்ந்துகொண்டிருக்குமே, அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்றார்.

இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை போலத் தோன்றும். ஆயினும் அடிப்படையில் ஒன்றே. இன்னும் எழும்பாத ஒரு கட்டடத்திற்காக யார் எதை இழக்கிறார்கள் என்பதே அது. நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று எழும் வினா இது. ஆதலால் இம்மாதம் இதனைச் சற்று ஆராய்வோம்.

படத்தில் எழும்பிய மாடிகள் யாவும் மண்ணில் எழும்புவதில்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஏரிக்கரைக்கு அருகே 150 மாடிகளும் 2,000 அடி உயரமும் கொண்ட குடியிருப்புக் கோபுரம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டனர். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா அதனை வடிவமைத்தார். 2007ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. 76 அடி ஆழத்தில் வட்டமான பெரும் பள்ளம் தோண்டப்பட்டது. மறு ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது, பணம் வற்றியது, வேலை நின்றது. 2014ஆம் ஆண்டில் திட்டம் அடியோடு கைவிடப்பட்டது. செல்வம் கொழிக்கும் நாட்டின் மாபெரும் நகரில் பல ஆண்டுகள் எஞ்சியிருந்தது ஒரு பள்ளம் மட்டுமே.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றும், அடித்தளம் இட்டபின் முடிக்க இயலாமற் போனால் காண்போரின் ஏளனத்திற்கு ஆளாவான் என்றும் ஆண்டவர் கூறிய உவமையை லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் நாம் அறிவோம். உவமையில் ஏளனத்திற்கு ஆளாகிறவன் கட்டுகிறவனே. நம் நாளிலோ, கட்டுகிறவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு. கணக்கிடத் தவறுகிறவர் ஒருவர்; நிலத்தை விற்றுவிட்டு வாடகை வீட்டில் இருந்தபடி வங்கிக் கடனுக்குத் தவணை கட்டுகிறவர் மற்றொருவர்.

இனி அம்மையாரின் வினாவுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டு மெரினாவை அழகுபடுத்துவதற்கென்று கட்டுமரங்களையும் வலைகளையும் கரையினின்று அகற்ற முற்பட்டனர். மீனவர் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. பின்னர் 2003ஆம் ஆண்டு, மலேசிய நாட்டுத் துணையுடன் மெரினாவைப் புதுப்பிக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தமிழக அரசு முன்வைத்தது. கடற்கரைக் குப்பத்து மக்களும் நகரத்துக் குடிமக்கள் பலரும் எதிர்த்து நின்றனர். அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று அதே கரையின்மீது ஆழிப்பேரலை ஏறியது. சென்னை மாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் குப்பத்துக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் குடியமர்த்தப்பட்டன. கடலை நம்பி வாழ்பவருக்குக் கடலுக்குத் தொலைவில் வீடு. கடலோடு தொழில் தொடர்பு சற்றும் இல்லாதவருக்குக் கடல் தெரியும் வீடு! இம்முரண்பாட்டை வண்ணக் கையேடுகள் காட்டுவதில்லை.

கரையைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று வெளிவந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2011இலும் 2019இலும் இவ்விதிகள் மாற்றி எழுதப்பட்டன. எனினும் கரையோரத்தில் கட்டுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. இதனைப் புறக்கணித்தால் நேர்வது யாதெனக் கேரளத்தில் கண்டோம். கொச்சிக்கு அருகே மரடு என்னுமிடத்தில் காயற்கரையில் எழும்பிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு மே மாதம் ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. விதியை மீறியவர் கட்டியவர். பாத்திரம் பண்டங்களுடன் படியிறங்கியவர்களோ, அவரை நம்பி வாங்கிய குடும்பத்தினர்.

ஆகவே, கட்டப்படாத வீட்டுக்குப் பணம் கொடுக்குமுன் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றைக் கேட்டறிதல் கடமையாகும். 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தை, ரெரா என்று சுருக்கமாக வழங்குவர். அதன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் கட்டுவோர், ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமும் செய்யலாகாது, முன்பதிவும் வாங்கலாகாது. பதிவு செய்த விற்பனை உடன்படிக்கை இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கேட்கலாகாது. வாங்குவோர் தரும் பணத்தில் எழுபது விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்திற்கும் அதன் நிலத்திற்குமே செலவிட வேண்டும். குறித்த நாளில் வீடு தராவிடில், விலக விரும்புகிறவருக்கு வட்டியுடன் பணத்தைத் திருப்ப வேண்டும். கடலோர நிலமாயின், மேற்சொன்ன கடலோர ஒப்புதலையும் எழுத்தில் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்பதற்கு நாம் கூசவேண்டுவதில்லை. உழைத்துச் சேர்த்த பணத்திற்குக் கணக்குக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

வாக்கின் மதிப்பை நம் ஊர்ப்பக்கத்து மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், ஒரு வணிகனின் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர், அவன் நீலியால் மாண்டான் என்று அறிந்ததும், சொன்ன சொல் தவறலாகாதெனத் தீயில் இறங்கினர் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. அன்று சொன்ன சொல்லே பிணையாயிற்று. இன்றோ, சொல்லுகிறவர் முகத்தையே நாம் காண்பதில்லை, படத்தைத்தான் காண்கிறோம். ஆதலால் எழுத்தும் பதிவும் சட்டமும் நமக்குப் பிணையாக நிற்க வேண்டியிருக்கிறது.

நம் பெரியவரின் கதை என்னவாயிற்று என்று அறிய வாசகர் விரும்புவர். அவருடைய மகன் அந்நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்துப் பதிவு எண்ணைக் கேட்டார். "விரைவில் வந்துவிடும், ஆனால் சலுகை விலை இந்த மாதம் மட்டுந்தான்" என்று பதில் வந்தது. கடலோர ஒப்புதல் பற்றிக் கேட்டதற்குத் தெளிவான மறுமொழி இல்லை. நிலம் விற்கப்படவில்லை.

இதனால் இளைஞரின் களைப்புத் தீர்ந்துவிடவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பிள்ளைகள் உறங்கியபின் திரும்புகிறவருடைய துன்பம் உண்மையானது. அதனைப் பேராசை என்று தள்ளிவிடுதல் பெரியோருக்கு அழகன்று. திருவள்ளூரில் ரயில் நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில், கட்டிமுடித்த சிறு வீடொன்றைத் தந்தையும் மகனும் இப்போது சேர்ந்து தேடுகிறார்கள். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். பத்திரத்தைப் படித்துப் பார்க்கலாம். அதற்காக யாருடைய வலையும் கட்டுமரமும் கரையைவிட்டு அகற்றப்படவில்லை என்ற மன அமைதியோடு குடிபுகலாம்.

அன்புக் குடும்பத்தினரே, உங்கள் வீட்டுக்கும் இத்தகைய கையேடு ஒருநாள் வரக்கூடும். வந்தால், வீட்டிலுள்ள பெண்களிடமும் அதைக் கொடுங்கள். படத்தில் இருப்பதை நாம் பார்த்து மயங்கும்போது, படத்தில் இல்லாததைக் காண்கிற கண் அவர்களுக்கு இருக்கிறது.