பறை பற்றிய பேச்சும் பறையடிப்பவரும்

அண்மையில் நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் நாட்டார் கலைகள் குறித்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் சொற்பொழிவாற்றினார். தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளில் வைத்ததையும், துடியன், பாணன், பறையன், கடம்பன் எனக் குடிகளைச் சொல்லும் புறநானூற்றுப் பாடலையும் விளக்கினார். நல்ல உரை, நம் பிள்ளைகள் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் பறையடித்து அவரை வரவேற்ற நான்கு கலைஞர்களுக்கு அரங்கில் நாற்காலி இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் போய்ப் பேச்சுக் கொடுத்தோம். தோலை எந்தப் பதத்துக்குத் தீயில் காய்ச்ச வேண்டும், அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் என்ன வேலை, சாவு அடி சாமி அடியாக எங்கே மாறுகிறது என்று அரைமணி நேரம் சொன்னார்கள். இதில் எதுவும் மேடையில் வரவில்லை.

பறைக்கு மரியாதை வந்துவிட்டது என்கிறார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 'இழவுக்கு இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்து, அதற்காக ஊரின் பகையைத் தாங்கியவர்களும் நம்மவர்களே. கலையைப் புகழும் உரைகள் அந்தக் கோபத்தைத் தொடுவதே இல்லை. தொட்டால் சாதியைப் பேச வேண்டிவரும்!

மேடையில் பாடவும் வகுப்பில் பாடம் நடத்தவும் தெரிந்த கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் இருந்த துறை இது. தமிழ்மன்றத்தில் இருக்கும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த அழைப்பிதழில் பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் பறை ஆசானின் பெயரையும் அச்சிடுங்கள். பேச அவருக்கும் அதே நேரம், அதே மதிப்பூதியம் கேளுங்கள். கல்லூரி மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.