உதட்டில் ஊக்கு வேண்டாம்!

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருந்தேன். ராஜகிரி உச்சியை நெருங்கும்போது பாறையில் ஒரு பெரும் பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்!

மலையிலிருந்து இறங்கி வந்தால், மரத்தடியில் ஒரு குடும்பம். ஓர் அம்மாள் கலைந்த புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருந்தார். கைகள் இரண்டும் கொசுவத்தில். திறந்த ஊக்கோ உதட்டில்! அப்படியே, ஓடிய பிள்ளையை "டேய்!" என்று அதட்டினாரே பார்க்கலாம், எனக்கு உயிரே போய்விட்டது. நல்ல வேளை, ஊக்கு தரையில் விழுந்தது.

நீங்களும் இப்படிச் செய்வதுண்டுதானே, சகோதரி?

நம் தொண்டையிலும் ஒரு காவல் உண்டு. முன்னே மூச்சுக்குழல், பின்னே உணவுக்குழல். விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சு வழியை அடைத்துக்கொள்ளும். ஆனால் சிரிக்கும்போதும் தும்மும்போதும் கூப்பிடும்போதும் வெடுக்கென்று மூச்சை இழுக்கிறோமே, அப்போது கதவு திறந்தே இருக்கும். உதட்டிலிருக்கும் ஊக்கு உள்ளே போக ஒரு நொடி போதும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் செவாலியர் ஜாக்ஸன் (1865-1958) நோயாளிகளின் தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் உணவுக்குழலிலும் இருந்து எடுத்த பொருள்கள் 2,000-க்கு மேல். அந்நகர மட்டர் மியூசியத்தில் இழுப்பறை இழுப்பறையாக வைத்திருக்கிறார்கள். ஊசி, ஆணி, எலும்பு, பித்தான், ஊக்குகளும் ஏராளம்!

மீன் முள் குத்தினால், "சோற்று உருண்டையை விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு" என்பார்கள் பெரியவர்கள். வேண்டாம். உருண்டை தள்ளத் தள்ள முள் இன்னும் ஆழமாகக் குத்தலாம். விரலை விட்டுத் துழாவுவதும், வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. உணவுக்குழல் துளைபட்டால் கிருமி மார்புக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தின்னவோ குடிக்கவோ கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். செஞ்சியிலேயே அரசு ஆஸ்பத்திரி உண்டு. பெரிய சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, ரத்தம் வந்தாலோ, கழுத்து வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ 108-ஐக் கூப்பிடத் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று: ஊக்கு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்; மீன் முள் பல சமயம் தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்றாலும், குத்தல் நிற்காவிட்டால் மறுபடி டாக்டரிடம் போங்கள்.

ஊக்கை மூடி மாட்டிக்கொள்ள வளையல் இருக்கிறது, தாலிச் சரடு இருக்கிறது. பின் உதடு எதற்கு, சகோதரி?