விலைப்பட்டியலை எப்போது மாற்றலாம்? உணவக உரிமையாளர் சங்கத்தின் நிலைப்பாடு

தக்காளி விலை ஏறினால் சாப்பாட்டு விலையையும் ஏற்றலாமா என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கூடாது என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. சில வாரங்களில் இறங்கிவிடும் செலவுக்குப் பதார்த்தத்தை மாற்றுங்கள். இறங்காத செலவு வந்தால் விலையை மாற்றுங்கள்.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் தக்காளிச் சட்னியை நிறுத்திவிட்டுப் புதினாவோ தேங்காயோ அரைக்கலாம். தக்காளி ரசம் இருந்த இடத்தில் மிளகு ரசம் வைக்கலாம். மார்கழியில் முருங்கைக்காய் எட்டாத விலைக்குப் போனால் சாம்பாருக்கு முள்ளங்கி இருக்கிறது. விலை ஏறியபோது பட்டியலில் ஸ்டிக்கர் ஒட்டிய கை, தக்காளி மலிந்த பிறகு அதை உரித்ததாக யாரும் பார்த்ததில்லை. வாடிக்கையாளருக்கு வரும் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாஸ்டர் சம்பளம், கடை வாடகை, கேஸ் ஆகியவற்றின் கதை வேறு. ஏறிய சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை. அதைத் தாங்க விலையை ஏற்றியே ஆக வேண்டும், அதில் கூச்சமும் தேவையில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஏற்றும் தேதியை முன்கூட்டியே கல்லாவில் எழுதி வையுங்கள். அன்று பட்டியல் முழுவதும் புதிதாக அச்சாகட்டும். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

சொல்லாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 15 ஓர் உதாரணம். அன்று உணவக ஜிஎஸ்டி, ஏசி உள்ள இடங்களில் 18 சதவீதத்திலிருந்தும் ஏசி இல்லாத இடங்களில் 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரி வரவு பறிபோனது. அதை ஈடுகட்டப் பல உணவகங்கள் அடிப்படை விலையை ஏற்றின. காரணம் நியாயமானது. ஆனால் வரி குறைந்தும் பில் குறையவில்லையே என்று கேட்டவருக்குப் பல இடங்களில் சரியான பதில் கிடைக்கவில்லை.

மீனுக்குத் தனி விதி தேவை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீன் கிடைக்கும். ஆனால் இன்று எது, எவ்வளவு என்று காலையில்தான் தெரியும். இந்த நாட்களில் அச்சிட்ட பட்டியலில் மீன் வகைகளை நம்பிக்கொண்டிருக்காமல், வாசலில் கரும்பலகை வைத்து அன்று வந்த மீனையும் விலையையும் எழுதுங்கள். ஐஸில் கிடந்ததை அன்று பிடித்த மீன் என்று எழுதுவதை இந்தச் சங்கம் ஏமாற்று என்றே சொல்லும்.

சட்டம் மாறும்போது காத்திருக்கவும் கூடாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. இத்தகைய ஆணை வந்தால் பட்டியலும் அன்றே மாற வேண்டும்.

பட்டியலைச் சுருக்கு, பழையதைத் தூக்கு என்று ஆலோசகர்கள் சொல்வதை நாங்கள் பாதிதான் ஏற்கிறோம். ரவா உப்புமாவைத் தினம் நாலு பேர்தான் கேட்கிறார்கள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கென்று தனிச் சரக்கு வாங்குவதில்லை. ஒரு வாரமாகக் கேட்டவர்க்கெல்லாம் சப்ளையர் “இல்லை சார்” என்று சொல்லும் ஐட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய் நிறுவனங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறுகிறது. ஆண்டுக்கு இரு முறை என்று உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் நாங்கள், அந்த விலையைக் காலாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கும்படி கேட்கிறோம்.